தலைமையாசிரியர் நாற்காலியும் கல்வி நிர்வாக மேற்படிப்பும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் எடுக்கும் தோழி ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் பள்ளியில் இரண்டு ஆண்டுகளாகத் தலைமையாசிரியர் பணியிடம் காலி. மூத்தவர் என்பதால் இவர்தான் பொறுப்பு ஹெச்.எம். பாடமும் எடுக்க வேண்டும், எமிஸ் இணையதளப் பதிவும் பார்க்க வேண்டும், சத்துணவுக் கூடத்துக்குச் சாவியும் தர வேண்டும். அமெரிக்காவில் கல்வி நிர்வாகம் படிக்க விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லி, எஸ்.ஓ.பி. (நோக்க அறிக்கை) என்று தலைப்பிட்ட இரண்டு தாள்களை நீட்டினார். "இங்கிலீஷ் எங்கயாவது தப்பா இருந்தா திருத்திக் கொடுங்க சார்."

ஆங்கிலத்தில் ஒரு தவறும் இல்லை. சிறு வயதிலிருந்தே ஆசிரியப் பணியில் நாட்டம், கல்வியே சமூகத்தை மாற்றும் கருவி, தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ளும் ஆவல் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. அவருடைய பள்ளி மட்டும் அதில் இல்லை.

அன்று அவர் வேறு கேள்விகளும் கேட்டார். முதுகலையா, கல்வி முனைவர் பட்டமான எட்.டி.யா, பிஎச்.டி.யா? முடித்துவிட்டு வந்தால் இங்கே எந்த நாற்காலிக்கு அது உதவும்? டெல்லியிலேயே படிக்க முடியாதா? இந்தத் துறை எப்படி உருவானது, எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்று தெரியாமல் இவற்றுக்கு விடை சொல்ல முடியாது. விண்ணப்பம் எழுதும் பலர் இந்த இடத்தைத் தாண்டி நேரே படிவத்துக்குப் போய்விடுகிறார்கள்.

பள்ளியை நடத்துவது தனியே கற்க வேண்டிய வேலை என்ற எண்ணம் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் வேர்விட்டது. மிச்சிகன் மாநிலத்தின் ஏட்ரியன் ஊரில் பள்ளிகளின் மேற்பார்வையாளராக இருந்த வில்லியம் பெய்ன் 1875இல் பள்ளி மேற்பார்வை பற்றி ஒரு நூல் எழுதினார். 1879இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் கற்பித்தலுக்கென ஓர் இருக்கையை ஏற்படுத்தி அவரை அமர்த்தியது. 1905இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் கல்லூரியில் எல்வுட் கப்பர்லி, ஜார்ஜ் ஸ்ட்ரேயர் இருவரும் முனைவர் பட்டம் பெற்றார்கள். ஒருவர் ஸ்டான்ஃபோர்டில், மற்றவர் டீச்சர்ஸ் கல்லூரியில் இருந்துகொண்டு, அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அமெரிக்க நகரங்களுக்குப் பள்ளி நிர்வாகிகளைப் பயிற்றுவித்து அனுப்பினார்கள்.

அவர்கள் காலத்துப் பாடத்திட்டத்தில் கட்டடப் பராமரிப்பு, செலவுக் கணக்கு, பள்ளிகளின் நிலையை அளந்து அறிக்கை தருதல் ஆகியவை பெரும் பங்கு பிடித்தன. அது தொழிற்சாலைகளில் 'திறன்' என்ற சொல் கோலோச்சிய காலம். செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் என்ன பயன் என்று வணிகர்கள் கேட்டார்கள். பள்ளி நிர்வாகிகளும் அவர்கள் மொழியிலேயே பதில் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். வகுப்பறையில் என்ன நடக்கிறது என்ற கேள்வி பின்னால் போனது. ரேமண்ட் காலஹன் 1962இல் எழுதிய 'கல்வியும் திறன் வழிபாடும்' இந்தச் சரிவை விரிவாகக் காட்டுகிறது. கல்வி நிர்வாகம் படிக்க விரும்பும் யாரும் விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன் அந்த நூலைப் படிக்க வேண்டும் என்பேன். ஒரு துறை எங்கே வழி தவறியது என்று தெரிந்தால்தான் அதற்குள் போகிறவர் எதைத் தேட வேண்டும் என்பது தெரியும்.

துறைக்குள்ளேயே கண்டனம் எழுந்தது. 1987இல் கல்வி நிர்வாகத்துக்கான ஒரு தேசிய ஆணையம், அமெரிக்காவில் இந்தப் படிப்பை நடத்தும் 500க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் குறைந்தது 300 அதை நிறுத்திவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2005இல் ஆர்தர் லெவின் வெளியிட்ட அறிக்கை இன்னும் கடுமையானது. அப்போது அவர் டீச்சர்ஸ் கல்லூரியின் தலைவர். அதாவது இந்தத் துறை பிறந்த வீட்டின் தலைமையில் இருந்தவர். பெரும்பாலான படிப்புகள் தரமற்றவை, சேர்க்கையில் கண்டிப்பில்லை, பாடங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று அவர் எழுதினார். எட்.டி. பட்டத்தையே கைவிட்டு, எம்.பி.ஏ. போன்ற இரண்டாண்டு முதுகலையை அந்த இடத்தில் வைக்க வேண்டும் என்றார்.

லெவின் சுட்டிய காரணங்களில் ஒன்று நம் ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களில் கூடுதல் பட்டம் வாங்கினால் ஊதியம் கூடும். ஆகவே நிர்வாகியாகும் எண்ணமே இல்லாத ஆசிரியர்கள், விரைவாகவும் எளிதாகவும் முடிகிற படிப்பைத் தேடினார்கள். பல்கலைக்கழகங்களும் போட்டிபோட்டுக்கொண்டு படிப்பை எளிதாக்கின. தமிழ்நாட்டில் எம்.எட்., எம்.ஃபில். வகுப்புகள் நிரம்பி வழிந்த ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். உயர்கல்வித் தகுதிக்கான ஊக்க ஊதிய உயர்வை அரசு 2020 மார்ச்சில் ரத்து செய்தது. அதற்கு முன்பு தபால் வழியிலும் கோடை விடுமுறையிலும் பட்டம் வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசே காட்டிய வழியில்தான் அவர்கள் நடந்தார்கள். ஆனால் அந்தப் படிப்பு அவர்கள் பள்ளியின் ஒரு நாளையாவது மாற்றியதா என்று யாரும் கேட்கவில்லை.

லெவின் சொன்னதற்கு மாறாக எட்.டி.யைக் கைவிடாமல் திருத்தும் முயற்சியும் நடந்தது. 2007இல் கார்னகி அறக்கட்டளையின் ஆதரவில் பல பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி, எட்.டி. பணியில் இருப்பவருக்கான பட்டம், பிஎச்.டி. ஆய்வாளருக்கான பட்டம் என்று பிரித்துப் பேசத் தொடங்கின. எட்.டி. மாணவர் தன் பள்ளியிலோ மாவட்டத்திலோ உள்ள நடைமுறைச் சிக்கல் ஒன்றை எடுத்து, அதைத் தீர்க்க முயன்று, அந்த முயற்சியையே ஆய்வேடாக எழுத வேண்டும் என்பது அதன் சாரம். ஹார்வர்டு தன் வழியில் போனது. 2010இல் கல்வித் தலைமைக்கென மூன்றாண்டு முனைவர் படிப்பைக் கட்டணமின்றித் தொடங்கியது. மூன்றாம் ஆண்டு முழுவதும் ஒரு கல்வி அமைப்புக்குள் வேலை. 2014இல் கல்வியில் பிஎச்.டி. வந்ததும் பழைய எட்.டி.யை விட்டுவிட்டது.

ஆகவே 'கல்வி நிர்வாகத்தில் மேற்படிப்பு' என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு பொருள்கள் இருக்கின்றன. அமெரிக்க முதுகலைகளில் பெரும்பாலானவை மாநில உரிமத்துக்கான வழி. நியூயார்க்கில் பள்ளித் தலைவர் சான்றிதழுக்கு மூன்று ஆண்டு, டெக்ஸாஸில் முதல்வர் சான்றிதழுக்கு இரண்டு ஆண்டு ஆசிரியப் பணி வேண்டும். வகுப்புகள் மாலையிலோ வார இறுதியிலோ கோடையிலோ நடக்கும். பயிற்சி அதே மாநிலப் பள்ளிகளில் நடக்கும். எட்.டி. ஏற்கெனவே பொறுப்பில் இருப்பவருக்கு. அவர் வேலையை விடாமலே படிப்பார், பெரும்பாலும் தன் கைக்காசில். பிஎச்.டி. முழுநேர ஆய்வு. நல்ல துறைகளில் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைக்கும், இடங்களோ மிகக் குறைவு.

தோழி போட்டிருந்த பட்டியலில் இருந்த ஆறு படிப்புகளில் நான்கு முதல் வகை. அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு அவர் தமிழ்நாட்டில் ஒன்றும் செய்ய முடியாது. போதாக்குறைக்கு எஃப்-1 விசாவில் போகிறவர் முழுநேரம் படிக்க வேண்டும். ஒரு பருவத்தில் ஒரே ஒரு இணையவழிப் பாடம்தான் அந்த முழுநேரக் கணக்கில் சேரும். வேலை பார்க்கும் உள்ளூர் ஆசிரியருக்கென வகுத்த மாலை நேர, இணையவழிப் படிப்புகள் பலவற்றில் வெளிநாட்டவர் சேரவே வழியில்லை. இதை வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்சிக்காரர்கள் முதலிலேயே சொல்வதில்லை. சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு இரண்டே கேள்விகள் கேட்டால் போதும்: இந்தப் படிப்புக்கு மாணவர் விசா ஆவணம் தருவீர்களா? மாநில உரிமம் வேண்டாம் என்பவருக்குத் தனிப் பாதை உண்டா? விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுப் படிக்கும் அளவுக்குத் தலைமையாசிரியர் என்பவர் முக்கியமா? முக்கியம்தான். அமெரிக்காவில் வாலஸ் அறக்கட்டளைக்காக 2021இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு, சராசரிக்குக் கீழே உள்ள தலைமையாசிரியருக்குப் பதில் சராசரிக்கு மேலே உள்ளவர் வந்தால், அந்தப் பள்ளி மாணவர்கள் ஓராண்டில் கணிதத்திலும் வாசிப்பிலும் ஏறத்தாழ மூன்று மாதக் கற்றல் கூடுதலாகப் பெறுகிறார்கள் என்று கணக்கிட்டது. நல்ல ஆசிரியர் தன் வகுப்பை உயர்த்துவார். தலைமையாசிரியரின் கை பள்ளி முழுவதற்கும் நீளும். 8 நாடுகளில் 1,800க்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளிகளின் மேலாண்மையை அளந்து 2015இல் வெளியான நிக்கலஸ் புளூம் குழுவின் ஆய்வில், மேலாண்மை நன்றாக உள்ள பள்ளிகளில் தேர்ச்சியும் மேலாக இருந்தது. எட்டு நாடுகளில் கடைசி இடம் இந்தியாவுக்கு.

ஆனால் மேலாண்மை என்ற பெயரில் நடப்பதெல்லாம் பயன் தருவதில்லை. மத்தியப் பிரதேசத்தில் 'ஷாலா சித்தி' திட்டத்தின்படி பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் முன்னேற்றத் திட்டம் எழுதி வாங்கினார்கள். கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் அதை ஆய்ந்து 2020இல் எழுதிய கட்டுரை வேதனையான முடிவைச் சொல்கிறது: மதிப்பீடுகள் நடந்தன, திட்டங்கள் எழுதப்பட்டன, பள்ளி நடக்கும் விதத்திலும் குழந்தைகளின் கற்றலிலும் மாற்றம் ஏதும் இல்லை. அப்படியிருந்தும் அந்த மாதிரித் திட்டம் நாடெங்கும் 6 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. கல்வி நிர்வாகப் படிப்பில் ஒருவர் கற்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். பதிவேட்டில் நிறைவேறியதற்கும் பள்ளியில் நடந்ததற்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கத் தெரிய வேண்டும். அதைக் கற்றுத்தராத படிப்பு எந்த நாட்டில் நடந்தாலும் அதற்காக வேலையை விட்டுப் போக வேண்டியதில்லை.

இந்தியாவில் இந்தத் துறைக்கு நல்ல தொடக்கம் இருந்தது. 1962இல் யுனெஸ்கோ ஆசியப் பகுதிக்கான கல்வித் திட்டமிடல், நிர்வாக மையத்தை டெல்லியில் நிறுவியது. கல்வி நிர்வாகிகளுக்குத் தேசிய அளவில் ஒரு பயிற்சிக் கல்லூரி வேண்டும் என்று 1964–66இல் கோத்தாரி ஆணையம் பரிந்துரைத்தது. அதன் உறுப்பினர்-செயலர் ஜே.பி. நாயக். 1970இல் அந்த யுனெஸ்கோ மையமே தேசிய ஊழியர் கல்லூரியானது. 1979இல் நீபா (தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனம்) என்ற பெயர் வந்தது. 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். 2012இல் அதற்குள் பள்ளித் தலைமைக்கான தேசிய மையமும் தொடங்கியது. மாவட்டக் கல்வி அதிகாரிகள், டயட் எனும் மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களின் விரிவுரையாளர்கள் போன்றவர்களை மனத்தில் வைத்து நடத்தும் முதுநிலைப் பட்டயப் படிப்பு அங்கே உண்டு. டெல்லியில் சில காலம் வகுப்பு, பிறகு சொந்த மாவட்டத்தில் களத் திட்டம். எம்.ஃபில். படிப்பை யு.ஜி.சி. 2022இல் நிறுத்திவிட்டதால் இப்போது மேலே இருப்பது பிஎச்.டி. மட்டுமே. 2024 முதல் முனைவர் சேர்க்கைக்குப் பல்கலைக்கழகங்கள் நெட் தகுதித் தேர்வு மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம் என்பதால், நெட் எழுதாமல் இந்தப் பாதையை யோசிப்பது இனி கடினம்.

மற்றபடி இக்னோவில் கல்வி மேலாண்மை, பள்ளித் தலைமை ஆகியவற்றில் தொலைநிலைப் பட்டயங்கள் இருக்கின்றன. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. கல்வி, கொள்கையிலும் பாடத்திட்டத்திலும் நாட்டம் உள்ளவருக்கு ஏற்றது. 2015இல் இரண்டாண்டாக்கப்பட்ட எம்.எட்.டில் கல்வி நிர்வாகம் ஒரு தாளாகவோ சிறப்புப் பிரிவாகவோ வரும்.

தமிழ்நாட்டில் நாற்காலிக்கு வரும் வழியே வேறு. அரசுப் பள்ளியில் பணிமூப்பும், டி.என்.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் துறைத் தேர்வுகளும் போதும். அந்தத் தேர்வுகளில் கணக்கு விதிகளும் அலுவலக நடைமுறையும் கேட்பார்கள். ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைக் கவனிப்பது எப்படி, இரண்டு ஆசிரியர்களுக்கு இடையிலான பகையை எப்படித் தீர்ப்பது, பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மாரை எப்படிப் பேச வைப்பது என்று எந்தத் தேர்விலும் கேள்வி இல்லை. ஐம்பது வயதில் பதவி உயர்வு பெற்று, அடுத்த திங்கட்கிழமை முன்பின் தெரியாத ஊரில் ஆயிரம் பிள்ளைகளுக்குப் பொறுப்பேற்கிறவருக்கு இது அநியாயம். அந்தப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய அநியாயம்.

பட்டத்தைக் கட்டாயமாக்கினால் சரியாகிவிடுமா என்றால், இங்கிலாந்து அதை முயன்று பார்த்திருக்கிறது. 2009இல் புதிய தலைமையாசிரியர்களுக்குத் தேசியத் தகுதிச் சான்று கட்டாயம் என்றார்கள். 2012இல் அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். கட்டாயம் வந்தால் நம் ஊரில் மறுபடியும் தபால் வழிப் பட்டங்கள் பெருகும் என்ற அச்சம் எனக்கும் உண்டு. தமிழ்நாட்டுக்கு நான் வேண்டுவது வேறு: பொறுப்பு ஹெச்.எம்.களாகத் திண்டாடிக்கொண்டிருப்பவர்களில் விருப்பமுள்ளவர்களைத் தேர்ந்து, ஊதியத்துடன் ஓராண்டு விடுப்பு தந்து, நல்ல தலைமையாசிரியர் ஒருவரின் பள்ளியிலேயே உட்காரவைத்துப் பயிற்றுவிக்கும் படிப்பு. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம் 1993இல் இப்படி ஒரு திட்டத்தைச் சட்டமாக்கியது. பள்ளி முதல்வராக விரும்பும் ஆசிரியரின் படிப்புச் செலவை அரசு ஏற்கும், அவர் அதே மாநிலத்தில் பணியாற்றி அதைத் தீர்க்க வேண்டும். நம் பட்ஜெட்டுக்கு இது பெரிய தொகை அல்ல.

மறுபடி அந்த எஸ்.ஓ.பி.க்கு வருகிறேன். சேர்க்கைக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் பள்ளிகளில் வேலை பார்த்துவிட்டு வந்த பேராசிரியர்கள். தலைமைப் பண்பு, தொலைநோக்கு, மாற்றம் என்ற சொற்களை ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கான தாள்களில் படிக்கிறவர்கள். அவர்கள் தேடுவது ஒரு சிக்கலை நேரில் பார்த்த கண்ணை. தோழியிடம் கேட்டேன்: "டீச்சர், இந்த ரெண்டு வருஷத்துல உங்களைத் தூங்கவிடாம பண்ணின விஷயம் ஒண்ணு சொல்லுங்க." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கைப்பையிலிருந்து அட்டை கிழிந்த நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார்.

ஒன்பதாம் வகுப்பு வருகையை அவர் நாள்வாரியாகக் குறித்துவைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை மட்டும் பத்துப் பன்னிரண்டு பையன்கள் முதல் இரண்டு பாடவேளைக்கு இல்லை. செவ்வாய் அந்த ஊரில் சந்தை. விடிகாலையில் மூட்டை இறக்கப் போகிறவர்கள் பதினோரு மணிக்குமேல்தான் வருவார்கள். கேட் பூட்டியிருந்தால் திரும்பிப் போய்விடுவார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்கள் விடுப்பு எடுத்தவர்கள், அவ்வளவுதான். முதல் பாடவேளை கணிதம். கணிதத்தில் தோற்றவர்கள் பட்டியலையும் சந்தைப் பையன்கள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை கால அட்டவணையை மாற்றிக் கணிதத்தை மதியத்துக்குத் தள்ளினார், கேட்டைத் திறந்து வைத்தார். விளையாட்டு ஆசிரியர் தன் பாடவேளை காலைக்குப் போனதில் கோபம் கொண்டு இரண்டு மாதம் பேசவில்லை. ஒழுங்கு கெட்டுவிடும் என்று மூத்த ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். பையன்களில் பாதிப்பேர் மதியம் தவறாமல் வந்தார்கள், மீதிப்பேர் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது இன்றுவரை தனக்கு விளங்கவில்லை என்றார்.

அந்த 'விளங்கவில்லை'தான் விண்ணப்பம். என்ன பார்த்தேன், என்ன செய்தேன், எது பலித்தது, எது பலிக்கவில்லை, அதைப் புரிந்துகொள்ள எனக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதினால், எந்தத் துறையில் எந்தப் பேராசிரியரிடம் போக வேண்டும் என்பதும் கூடவே தெளிந்துவிடும். குழந்தைத் தொழிலும் வருகையும் பற்றி ஆய்வு செய்பவர் யார், பள்ளிக்குள் அதிகாரமும் எதிர்ப்பும் எப்படி இயங்குகின்றன என்று எழுதுபவர் யார் என்று தேடலாம். பிஎச்.டி.க்கு இந்தப் பொருத்தம்தான் முதல் தகுதி. பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக இருந்து, வழிகாட்ட ஆள் இல்லையென்றால் சேர்க்கை கிடைப்பதே அரிது.

பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். கல்லூரித் துறைத்தலைவர் லெட்டர்பேடில் தரும் நான்கு வரிப் புகழ்ச்சியால் பயனில்லை. தோழி ஹெச்.எம். பொறுப்பில் முடிவெடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவர், ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி எழுத வேண்டும். அவருக்கு முன்பு அந்தப் பள்ளியில் இருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரும், பி.எட். காலத்துப் பேராசிரியர் ஒருவரும் எழுத ஒப்புக்கொண்டார்கள். ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வைப் பல கல்வித் துறைகளில் இப்போது கேட்பதில்லை; கேட்கும் இடங்களிலும் 2023 செப்டம்பர் முதல் அது இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற தேர்வாகச் சுருங்கிவிட்டது. அதைவிட நாள் பிடிப்பது மதிப்பெண் பட்டியல்களை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றித் தரும் மதிப்பீடு. மூன்றாண்டு இளங்கலையோடு பி.எட்.டும் முதுகலையும் சேர்த்துக் காட்டுவது நல்லது.

பிஎச்.டி. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் மூடும். உதவித்தொகையோடு வரும் அழைப்புக்குப் பதில் சொல்லப் பொதுவாக ஏப்ரல் 15 வரை நேரம் உண்டு. அரசு ஆசிரியருக்கு இந்த நாட்காட்டிக்கு முன்பே இன்னொரு நாட்காட்டி தொடங்கிவிடுகிறது: உயர்கல்விக்கு முன் அனுமதி, கடவுச்சீட்டுக்குத் தடையின்மைச் சான்று, வெளிநாடு செல்ல அனுமதி, விடுப்பு. இவற்றை எழுதிக் கொடுத்த தேதியும் பெற்றதற்கான ஒப்புகையும் கையில் இருக்க வேண்டும்.

தோழி ஆறு படிப்புகளில் ஐந்தை நீக்கிவிட்டார். மிஞ்சிய ஒரு அமெரிக்க பிஎச்.டி., புதிதாகச் சேர்த்த ஒரு நீபா பிஎச்.டி. என்று இரண்டு மட்டும் இப்போது அவர் பட்டியலில். புதிய எஸ்.ஓ.பி. செவ்வாய்க்கிழமைச் சந்தையில் தொடங்குகிறது. விளையாட்டு ஆசிரியர் பேசாமல் இருந்ததையும் எழுதியிருக்கிறார். அதை விட்டுவிடலாமா என்று கேட்டபோது வேண்டாம், அதுவும் இருக்கட்டும் என்றேன். டிசம்பர் முதல் தேதி கடைசி நாள். அனுமதிக்கான மனு இன்னும் கல்வி அலுவலகத்தில் இருக்கிறது. போன வாரம் அவர் அதன் நகலோடு மறுபடியும் போய் வந்தார்.